பேராசிரியர் சேனக பிபிலே: மருந்தின் சொந்தப் பெயரைக் கேட்ட மனிதர்

செங்கலடியிலிருந்து பதுளைக்கு ஏறும் நெடுஞ்சாலையில் பிபிலை என்றோர் ஊர் இருக்கிறது. கிழக்கிலிருந்து மலைநாட்டுக்குப் போய்வருபவர்கள் அங்கே வாகனத்தை நிறுத்தித் தேநீர் குடிப்பார்கள். தோடம்பழக் காலமென்றால் ஒரு பை நிறைய வாங்கிக்கொண்டு ஏறுவார்கள். பிபிலை என்றால் பலருக்கும் அந்தத் தோடம்பழம்தான் நினைவுக்கு வரும். அந்த ஊரின் பெயரைத் தம் பெயரோடு சுமந்த ஒருவரால்தான் இந்த நாட்டில் ஏழைகளுக்கும் எட்டும் விலையில் மருந்து கிடைக்க வழி பிறந்தது என்பதை உயர்தர வகுப்புக்கு வந்த பிறகே நான் அறிந்தேன். எங்கள் பாடநூல்களில் அவரைப் பற்றி நான் ஒரு பந்திகூடக் கண்டதில்லை. அந்தக் குறையில் பிறந்ததே இக்கட்டுரை.

சேனக பிபிலே 1920ஆம் ஆண்டு பெப்ரவரி 13ஆம் திகதி பிறந்தார். ஊவாவின் பழைய வளவுக் குடும்பம் ஒன்றின் பிள்ளை. காணிபூமிக்கோ செல்வாக்குக்கோ குறைவில்லாத வீடு. கண்டி திரித்துவக் கல்லூரியில் படித்து, பின்னர் கொழும்பில் மருத்துவம் கற்று 1945இல் முதல் வகுப்பில் தேறினார். அக்காலத்தில் அப்படித் தேறிய ஒருவர் சத்திர சிகிச்சை நிபுணராகவோ பொது வைத்திய நிபுணராகவோ ஆகி, மாலை வேளைகளில் தனியார் சிகிச்சை நிலையம் நடத்திப் பெரும் பணம் தேடியிருக்கலாம். யாரும் குறை சொல்லியிருக்கவும் மாட்டார்கள். அவரோ மருந்தியலைத் தேர்ந்தார். நோயாளியைத் தொட்டுப் பார்ப்பதைவிட, நோயாளியின் உடலுக்குள் மருந்து என்ன செய்கிறது என்று ஆய்வுகூடத்தில் பார்க்கும் துறை அது. புகழும் குறைவு, வருமானமும் குறைவு. எடின்பரோ பல்கலைக்கழகத்தில் ஆய்வு செய்து 1952இல் கலாநிதிப் பட்டம் பெற்றுத் திரும்பினார். 1958இல் இலங்கையின் முதலாவது மருந்தியல் பேராசிரியரானார். பேராதனையில் இரண்டாவது மருத்துவ பீடம் அமைந்தபோது அங்கே சென்று, 1967இல் அதன் பீடாதிபதியுமானார். மருத்துவ மாணவருக்கு எப்படிக் கற்பிப்பது என்பதையே தனியொரு துறையாக எடுத்து அங்கே ஒரு மருத்துவக் கல்விப் பிரிவையும் தொடக்கினார்.

அவர் லங்கா சமசமாஜக் கட்சிக்காரர். வளவு வீட்டுப் பிள்ளை இடதுசாரியானது அந்தத் தலைமுறையில் அபூர்வமன்று. ஆனால் மேடையில் பேசிய கொள்கையைத் தன் தொழிலுக்குள் கொண்டுவந்து, அதற்கு எண்ணும் கணக்கும் கொடுத்து, செய்தும் காட்டியவர்கள் மிகச் சிலரே. என் மனத்தில் அவருக்கு இடம் கிடைத்தது அதனால்தான்.

ஆசிரியராக இருந்த காலத்திலேயே அவருக்கு ஒரு கேள்வி இருந்தது. ஒரே நோய்க்கு, ஒரே சரக்கைக்கொண்டு செய்த மருந்துகள் ஏன் பத்துப் பெயர்களில் பத்து விலைகளில் வருகின்றன?

இந்தக் கேள்வியின் கனம் தோழியருக்கு விளங்க வேண்டுமானால் மருந்தின் பெயர் விவகாரத்தைச் சற்று விரித்துச் சொல்லத்தான் வேண்டும். ஒவ்வொரு மருந்துக்கும் உண்மையில் ஒரு பெயர் உண்டு. காய்ச்சலுக்கு நாம் விழுங்கும் குளிசையின் பெயர் பராசிட்டமோல். அது பொதுப்பெயர். எந்தக் கம்பனி செய்தாலும் அந்தப் பெயர் மாறாது. பனடோல் என்பது ஒரு கம்பனி தன் பராசிட்டமோலுக்கு வைத்த வர்த்தகப் பெயர். நம் நாட்டில் அந்தப் பெயர் வாயில் ஒட்டிக்கொண்டதால், கடையில் போய் பராசிட்டமோல் கேட்டால் அது ஏதோ மட்டமான சாமான் என்று பலர் நினைக்கிறார்கள். புதிதாக ஒரு மருந்தைக் கண்டுபிடிக்கும் கம்பனிக்குக் குறிப்பிட்ட காலத்துக்குக் காப்புரிமை இருக்கும். அதுவரை அதை வேறெவரும் செய்ய முடியாது. விலையைக் கம்பனியே வைக்கும். ஆய்வுக்குச் செலவழித்த பணத்தை மீட்க வேண்டும் என்று அதற்குக் காரணம் சொல்வார்கள். அதில் ஓரளவு நியாயமும் உண்டு. ஆனால் காப்புரிமை முடிந்து, இருபது கம்பனிகள் அதே மருந்தைச் செய்யத் தொடங்கிய பின்பும் பழைய பெயருக்காக நாம் பழைய விலையையே கொடுத்துக்கொண்டிருந்தால், அங்கே நாம் வாங்குவது பெயரைத்தான்.

பெயரால் வருவது பணநட்டம் மட்டுமன்று. எங்கள் உம்மம்மாவுக்குச் சீனி வருத்தமும் பிரஷரும் இருக்கின்றன. இரண்டு வருடங்களுக்கு முன் ஒரு தனியார் வைத்தியரிடம் பிரஷருக்குத் துண்டு வாங்கினார். சில வாரங்கள் கழித்துக் கால்வீக்கம் என்று இன்னொரு வைத்தியரிடம் போனபோது அவரும் பிரஷரைப் பார்த்துவிட்டு ஒரு மருந்து எழுதினார். இரண்டு துண்டுகளும் இரண்டு பாமசிகளுக்குப் போயின. ஒன்று வெள்ளைக் குளிசை, மற்றது பச்சைக் குளிசை. பெட்டிகளில் இரண்டு வேறு பெயர்கள் பெரிய எழுத்தில் இருந்தன. உம்மம்மா இரண்டையும் தவறாமல் எடுத்தார். பத்தாம் நாள் சுபஹுக்கு எழுந்தவர் தலைசுற்றிக் கிணற்றடியில் விழுந்தார். ஆஸ்பத்திரியில் ஒரு இளம் பெண் டொக்டர் பெட்டிகள் இரண்டையும் வாங்கிக் கீழே சிறிய எழுத்தில் இருந்ததைப் படித்தார். இரண்டும் லொசார்டன். ஒரே மருந்தை இரட்டிப்பு அளவில், இரட்டிப்புச் செலவில் எடுத்திருக்கிறார். கை எலும்பு முறிந்ததோடு போயிற்று. துண்டிலே பொதுப்பெயர் இருந்திருந்தால் பாமசியில் நின்ற பையனுக்கோ, இங்கிலிஷ் எழுத்துக் கூட்டத் தெரிந்த எனக்கோ அது முதல் நாளே தெரிந்திருக்கும்.

பிபிலே இதைத்தான் அறுபது எழுபது வருடங்களுக்கு முன்னரே கண்டிருந்தார். வைத்தியருக்கு மருந்தைப் பற்றிச் சொல்லிக்கொடுப்பவர் யார்? பல்கலைக்கழகத்தை விட்டு வெளியேறியதும் பெரும்பாலும் கம்பனிப் பிரதிநிதிதான். பையோடு வருவார், மாதிரிக் குளிசைகள் தருவார், பேனை தருவார், தம் கம்பனிப் பெயரைத் திரும்பத் திரும்பச் சொல்வார். அந்தப் பெயரே துண்டில் ஏறும். ஆகவே முதலில் அரசாங்க ஆஸ்பத்திரிகளுக்கென்று ஒரு மருந்துத் திரட்டைத் தயாரிக்கும் வேலையில் பிபிலே இறங்கினார். எந்த நோய்க்கு எந்த மருந்து தேவை, எது தேவையில்லை, அளவென்ன, பக்க விளைவென்ன என்பவை பொதுப்பெயரிலேயே தொகுக்கப்பட்டன. 1950களின் இறுதியிலிருந்து அரசாங்க ஆஸ்பத்திரிகளில் இந்த ஒழுங்கு மெல்ல மெல்ல வந்தது. பக்கச்சார்பில்லாத தகவல் வைத்தியர்களுக்குப் போய்ச்சேர வேண்டும் என்பதில் அவர் கடைசிவரை விடாப்பிடியாக இருந்தார்.

ஆஸ்பத்திரிக்கு உள்ளே ஒழுங்கு வந்துவிட்டாலும் வெளியே, அதாவது தனியார் சந்தையில், நிலைமை அப்படியே இருந்தது. 1970இல் கூட்டு முன்னணி அரசாங்கம் பதவிக்கு வந்தது. நாட்டில் அந்நியச் செலாவணி வற்றிக்கிடந்த காலம். இறக்குமதி செய்யும் ஒவ்வொரு பொருளுக்கும் கணக்குக் கேட்கவேண்டிய நிலை. மருந்து நிலைமையை ஆராயும் பொறுப்பு கம்யூனிஸ்ட் கட்சித் தலைவர்களில் ஒருவரான டொக்டர் எஸ்.ஏ. விக்கிரமசிங்கவிடமும் பேராசிரியர் பிபிலேயிடமும் கொடுக்கப்பட்டது. 1971இல் இருவரும் சேர்ந்து அறிக்கை சமர்ப்பித்தார்கள். அந்த அறிக்கை விதந்துரைத்தபடி அதே ஆண்டில் அரச மருந்தாக்கற் கூட்டுத்தாபனம் உருவாயிற்று. அதன் முதல் தலைவர் பிபிலே.

அவர் செய்த காரியம் இன்று கேட்கும்போது மிகச் சாதாரணமாகத் தோன்றும். வீட்டில் கெட்டிக்கார உம்மா ஒருவர் சாமான் வாங்கும் விதத்துக்கும் அதற்கும் பெரிய வித்தியாசமில்லை. உண்மையில் எவை தேவை என்று முதலில் பட்டியல் போட்டார். தனியார் சந்தைக்கு வந்துகொண்டிருந்த சுமார் 2,100 மருந்துகள் ஏறத்தாழ 600 ஆகக் குறைக்கப்பட்டன. கழிக்கப்பட்டவை என்னவென்றால், ஒன்றையே வேறு பெயரில் சொல்பவை, பயன் நிரூபிக்கப்படாதவை, தேவையில்லாமல் இரண்டு மூன்றைக் கலந்து விலையேற்றியவை. அடுத்து, அந்தப் பட்டியலை முழு நாட்டுக்குமாக ஒரே கையில் வைத்து, பொதுப்பெயரில், உலகம் முழுவதற்கும் கேள்விப்பத்திரம் விடுத்தார். சிறிய நாடு என்றாலும் முழு நாட்டுக்குமான கொள்வனவு என்றால் விற்பவன் இறங்கி வரத்தான் செய்வான். இறங்கியும் வந்தான். சில மருந்துகளும் மூலப்பொருள்களும் முன்னைய விலையைவிடப் பல மடங்கு குறைவாகக் கிடைத்தன. சில வேளைகளில் முன்பு மிக அதிக விலை சொன்ன அதே வகைப் பெரிய கம்பனிகளே போட்டி வந்ததும் விலையைக் குறைத்துக் கொடுத்தன. அப்படியானால் முன்பு வாங்கிய விலை எதற்கு என்ற கேள்வி நாட்டில் எழாமலிருக்குமா?

எதிர்ப்பும் எழுந்தது. மலிவான மருந்து மட்டமான மருந்து என்ற பேச்சைக் கம்பனிகள் கிளப்பின. தனியாகத் தொழில் செய்த வைத்தியர்களில் ஒரு பகுதியினரும் அதை நம்பினார்கள், அல்லது நம்புவதுபோல் காட்டினார்கள். இங்கே நான் ஒரு பக்கம் மட்டும் பேச விரும்பவில்லை. தரம் பற்றிய கேள்வி பொய்யான கேள்வியன்று. பொதுப்பெயர் மருந்து நல்லது என்பது, அது பரிசோதிக்கப்பட்டு, அதே அளவு சரக்கு அதே வேகத்தில் இரத்தத்தில் கலக்கிறது என்று உறுதியானால் மட்டுமே உண்மை. வலிப்பு நோய், தைரொய்ட் நோய், இரத்தம் உறையாமலிருக்க எடுக்கும் வோபரின் போன்றவற்றில் சிறு மாற்றமும் நோயாளியைப் பாதிக்கலாம். அவற்றை வைத்தியரிடம் சொல்லாமல் ஒரு கம்பனியிலிருந்து இன்னொன்றுக்கு மாற்றுவது தகாது. பிபிலே ஒரு மருந்தியலாளர். இது அவருக்குத் தெரியாததன்று. தரம், பாதுகாப்பு, பயன் என்ற மூன்றும் உறுதியான பின்புதான் விலையைப் பார்க்கவேண்டும் என்பது அவர் கொள்கையிலேயே உள்ள வரிசை.

மோதல் முற்றியது டெட்ராசைக்கிளின் என்ற கிருமிகொல்லி மருந்தில். 1974ஆம் ஆண்டளவில் நாட்டில் கொலரா பரவியிருந்தது. கொலரா நோயாளிக்கு நீரிழப்பைச் சரிசெய்வதோடு கொடுக்கவேண்டிய மருந்து அது. கூட்டுத்தாபனம் அதன் மூலப்பொருளை மேற்கு ஜேர்மனியின் ஹோக்ஸ்ட் கம்பனியிடம் குறைந்த விலைக்கு வாங்கி, இலங்கையில் தொழிற்சாலை வைத்திருந்த அமெரிக்கக் கம்பனியான பைசரிடம் கூடுகளில் அடைத்துத் தருமாறு கேட்டது. அந்த மூலப்பொருளின் தரத்தைக் காரணம் காட்டிக் கம்பனி மறுத்தது. வேறு வழியில்லாமல், செய்து முடித்த மருந்தை அதிக செலவில் விமானத்தில் இறக்க வேண்டியதாயிற்று. அந்தத் தொழிற்சாலையை அரசுடைமையாக்கும் யோசனை அரசாங்கத்தில் எழுந்தபோது அமெரிக்கத் தூதுவர் பிரதமரிடம் பேசினார். யோசனை அத்தோடு நின்றுவிட்டது. உணவுதானியத்துக்கும் கடனுக்கும் வெளிநாடுகளின் முகத்தைப் பார்த்துக்கொண்டிருந்த அரசாங்கத்தால் அதற்குமேல் போக முடியவில்லை. ஒரு குளிசையின் பின்னால் எவ்வளவு பெரிய உலகம் நிற்கிறது என்று இதைப் படித்த அன்று எனக்கு ஆச்சரியமாக இருந்தது. இந்த அனுபவத்தைப் பிபிலே மறைக்கவில்லை. சஞ்சய லால் என்ற பொருளியலாளரோடு சேர்ந்து அந்த ஆண்டுகளின் கதையைக் கணக்கோடு ஆய்வுக் கட்டுரையாக்கினார். வளர்ந்துவரும் நாடுகளின் மருந்துக் கொள்கை பற்றி எழுதுபவர்கள் இன்றும் அதைத் தேடிப் படிக்கிறார்கள்.

1975இல் சமசமாஜக் கட்சி அரசாங்கத்தை விட்டு வெளியேற்றப்பட்டது. அடுத்த ஆண்டு பிபிலே கூட்டுத்தாபனத் தலைமையை விட்டு நீங்கினார். தன் நாட்டில் பாதியில் விட்ட வேலையை ஐக்கிய நாடுகள் அமைப்பின் நிபுணராக மற்ற நாடுகளுக்குச் சொல்லிக்கொடுக்கப் புறப்பட்டார். அந்தப் பணியில் தென்னமெரிக்காவின் வடகரையிலுள்ள கயானாவுக்குப் போயிருந்தபோது, 1977 செப்டெம்பர் 29ஆம் திகதி அங்கே காலமானார். வயது 57. மாரடைப்பு என்று சொல்லப்பட்டது. அந்த மரணத்தைப் பற்றிச் சந்தேகம் கொண்டவர்கள் இங்கே பலர் இருந்தார்கள், இன்றும் இருக்கிறார்கள். பெரிய பணத்தோடு மோதிய மனிதர் தூரதேசத்தில் திடீரென்று இறந்தால் அப்படிப் பேச்சு எழுவது இயல்பு. ஆனால் அவரைப் பற்றி எழுதுகிறவர்களில் சிலர் அந்த ஒரு நாளைப் பற்றியே பக்கம் பக்கமாக எழுதிவிட்டு, அதற்கு முன்னிருந்த இருபது வருட வேலையை இரண்டு வரியில் முடித்துவிடுகிறார்கள். அது எனக்குப் பிடிப்பதில்லை.

அவர் இறந்த அதே 1977இல் இரண்டு காரியங்கள் நடந்தன. இலங்கையில் ஆட்சி மாறித் திறந்த பொருளாதாரம் வந்தது. தனியார் இறக்குமதி மீண்டும் தொடங்கியது. வர்த்தகப் பெயர்கள் கடைத் தட்டுகளுக்குத் திரும்பின. கூட்டுத்தாபனம் மட்டும் அழியவில்லை. ஒசுசல என்ற பெயரில் நம் நகரங்களில் நாம் காணும் மருந்துக்கடைகள் அதனுடையவை. மற்றது, உலக சுகாதார தாபனம் தனது முதலாவது அத்தியாவசிய மருந்துப் பட்டியலை வெளியிட்டது. ஒரு நாட்டுக்குச் சுமார் 200 மருந்துகள் இருந்தால் பெரும்பாலான நோய்களைச் சமாளிக்கலாம் என்ற எண்ணம் அன்று உலகுக்குப் புதிது. பிபிலேயின் மாணவர்களுக்கு அது பழைய பாடம். 1982இல் பங்களாதேஷ் தன் மருந்துக் கொள்கையை அறிவித்து 1,700க்கு மேற்பட்ட தேவையற்ற மருந்துகளை நீக்கியது. அதை முன்னின்று நடத்தியவர்களுள் ஒருவரான டொக்டர் சபருல்லா சௌத்ரியும் கம்பனிகளின் எதிர்ப்பையும் வைத்தியர்களின் எதிர்ப்பையும் ஒருங்கே சந்தித்தார். அங்கே அரசாங்கம் பின்வாங்கவில்லை. உள்ளூர்த் தொழிற்சாலைகள் வளர்ந்தன.

இங்கே அவருடைய பெயரைச் சொல்லிச் சொல்லியே பல அரசாங்கங்கள் காலத்தைக் கடத்தின. நினைவுதினத்தில் கூட்டம் வைப்பார்கள், சட்டம் வருகிறது என்பார்கள். கடைசியில் 2015ஆம் ஆண்டின் 5ஆம் இலக்கச் சட்டம் நிறைவேறித் தேசிய ஔடதங்கள் ஒழுங்குபடுத்தல் அதிகாரசபை அமைந்தது. வைத்தியர் துண்டு எழுதும்போது மருந்தின் பொதுப்பெயரை எழுதவேண்டும் என்பது அந்தச் சட்டத்தில் இருக்கிறது. 2016இல் 48 மருந்துகளுக்கு உச்ச சில்லறை விலை விதிக்கப்பட்டது. அப்போது நான் சிறுமி. பாமசியிலிருந்து வந்த வாப்பா மிச்சக் காசை மேசையில் வைத்து உம்மாவிடம் கணக்குச் சொன்னது ஞாபகம் இருக்கிறது. விலைக்கட்டுப்பாட்டுக்கும் ஓர் எல்லை உண்டு என்பதை 2022 காட்டிற்று. டொலர் இல்லாதபோது மலிவான மருந்தும் இல்லை, விலைகூடிய மருந்தும் இல்லை. உம்மம்மா அந்த மாதங்களில் மெட்போமின் குளிசையைப் பாதியாக உடைத்து நாளைக் கடத்தினார். பக்கத்து வீட்டு மாமி தனக்கு வந்ததில் ஒரு அட்டையைத் தந்தார்.

சட்டம் இருந்தாலும் எல்லாத் துண்டிலும் பொதுப்பெயர் வருவதில்லை. உம்மம்மா விழுந்த பிறகு எங்கள் வீட்டில் உம்மா ஒரு வழக்கம் வைத்திருக்கிறார். பழைய கொப்பி ஒன்றில் ஒவ்வொருவர் பெயருக்குக் கீழும் அவர் எடுக்கும் மருந்தின் பொதுப்பெயர், அளவு, எந்த வைத்தியர் தந்தது என்று எழுதியிருக்கிறார். எந்த வைத்தியரிடம் போனாலும் கொப்பி கூடவே போகும். துண்டு கையில் கிடைத்ததும், இதன் பொதுப்பெயர் என்ன டொக்டர், இதைவிட விலை குறைந்தது எழுதலாமா என்று கேட்பார். முகம் சுளித்தவர்களும் உண்டு. ஆனால் பெரும்பாலானோர் சிரித்துக்கொண்டே எழுதிக் கொடுக்கிறார்கள். ஒருவர் கொப்பியைப் புரட்டிப் பார்த்துவிட்டு உம்மம்மா எடுத்துக்கொண்டிருந்த இரண்டு மருந்துகளை இனித் தேவையில்லை என்று வெட்டியும் விட்டார். மாதச் செலவில் அது எவ்வளவு இறங்கியது என்பதை வாப்பா எல்லோருக்கும் சொல்லிக்கொண்டு திரிகிறார்.

இதை எழுதுவதற்காக உம்மம்மாவின் மருந்துப் பெட்டியைத் திறந்து ஒவ்வொரு அட்டையாகப் பார்த்தேன். பிரஷர்க் குளிசை இந்தியாவில் செய்தது. கொலஸ்ட்ரோல் குளிசை பங்களாதேஷில் செய்தது. மெட்போமின் அட்டையில் வர்த்தகப் பெயரே இல்லை; மருந்தின் பெயர் மட்டும் கறுப்பு எழுத்தில் அச்சிட்டிருந்தது. அது ஒசுசலவில் வாங்கியது.